நாலு பேருக்குப் பிறகு ஒரு கமா

அன்றைக்கு ஆபீஸில் இருந்தது மூன்று பேர். எங்கள் தலைமை புரோகிராமர் ஜெசிந்தா அக்கா, நான், அபிராமம் பக்கத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்த பஞ்சவர்ணம். இல்லாதவர்கள் இரண்டு பேர். ஒருவர் எங்கள் முதலாளி. சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு மதுரை போயிருந்தார், மேளச் சத்தத்தில் போனை எடுக்கவில்லை. இன்னொருவர் பஞ்சவர்ணத்தின் வீட்டுக்காரர் காளிமுத்து. கடலுக்குப் போனவர் கரை சேர்ந்தாரா இல்லையா என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியவில்லை.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. ராமநாதபுரம் புது பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் இருக்கும் அந்தக் கம்பெனியில் ஒன்பது வருடம் வேலை பார்த்துவிட்டுப் போன மாதம் விலகினேன். பரமக்குடியில் ஒரு பாலிடெக்னிக்கில் பாடம் எடுக்கப் போகிறேன். முப்பத்தொரு வயதில் என்னடா ரிட்டயர் ஆனவர் மாதிரி எழுதுகிறான் என்று சிரிப்பவர்கள் சிரிக்கலாம். பிரிவுபசாரம் என்று டீயும் உளுந்த வடையும் வாங்கி வைத்துக்கொண்டு, புதிதாகச் சேர்ந்த ஷாகுல் கேட்டான்: "அண்ணே, புரோகிராம் கோடு எல்லாம் இப்ப மெசினே எழுதிக் குடுத்துருது. பேரை வரிசையா ஒட்டிக் குடுக்கிற வேலைக்கா நீங்க ஒன்பது வருசம் உக்காந்திருந்தீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பேரை ஒட்டுகிற வேலைதான். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அய்யாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் மிளகாய் பறித்தவர்கள். நான் கல்லூரி முடித்து வந்த அன்று, "கம்ப்யூட்டர்ல என்னப்பா செய்வ?" என்று அய்யா கேட்டார். கல்லூரியில் சொல்லிக்கொடுத்ததைப் பரீட்சையில் எழுதியிருந்தேனே தவிர, உருப்படியாக எதையும் செய்து பார்த்ததில்லை. மூன்று மாதம் மதுரையில் ஒரு கோர்ஸ், அப்புறம் இந்த மாடி. படிப்புக் கதை அவ்வளவுதான்.

ஜெசிந்தா அக்கா ராமேஸ்வரம் பக்கம் தங்கச்சிமடம். அப்பாவும் அண்ணன்மாரும் கடல் தொழில். அவர் எதையும் பாராட்ட மாட்டார். சரியாக இருந்தால் "அடுத்தது" என்பார். தப்பாக இருந்தால் நாற்காலியை விட்டு எழுந்து நம் பின்னால் வந்து நிற்பார். ரொம்பக் கோபம் வந்தால், "ஏலே முருகேசு" என்று கூப்பிடுகிற வாய் "முருகேசன், நீங்க கொஞ்சம் இங்க வாங்க" என்று மாறிவிடும். அந்த 'நீங்க'வுக்கு நான் கடைசி வரை பயந்தேன்.

முதல் வாரம் எனக்குக் கொடுத்த வேலை இது: ஒரு பட்டியலில் இருக்கும் பேர்களை எல்லாம் ஒரே வரியாக ஒட்ட வேண்டும். நடுவில் கமா. நான் ஒவ்வொரு பேராக எடுத்து, பேர், கமா, பேர், கமா என்று சேர்த்துக்கொண்டே போனேன். கடைசிப் பேருக்குப் பின்னாலும் ஒரு கமா தொங்கியது. அக்கா எழுந்து வந்தார்.

"இது என்னலே, வாலு?"

"கடைசில ஒண்ணு மிச்சம் வந்துருச்சுக்கா. அத வெட்டி விட்டுர்றேன்."

"வெட்டுறதுக்கு எதுக்கு வைக்கிற? எங்கூருல படகு வரிசையா கட்டியிருக்கத பாத்திருக்கியா? ஒண்ணோட ஒண்ணு இடிக்காம நடுவுல டயர தொங்க விட்டிருப்பாக. அஞ்சு படகுக்கு நடுவுல எத்தன டயரு?"

"நாலு."

"அம்புட்டுத்தான். ரெண்டு பேருக்கு நடுவுல மட்டும்தான் கமா. கடைசி ஆளுக்கு அந்தப் பக்கம் ஆளே இல்ல, அங்கன எதுக்கு டயரு?"

பட்டியலைக் கொடுத்து, நடுவில் வைக்க வேண்டிய குறியையும் கொடுத்தால், தானே ஒட்டிக் கொடுக்கும் கட்டளை எல்லா மொழியிலும் இருக்கிறது. அதைத்தான் அன்று சொல்லிக்கொடுத்தார். ஆனால் எழுதியதும் வேலை முடிந்ததாக அவர் ஒத்துக்கொள்ள மாட்டார். மூன்று சோதனை உண்டு. அதற்கு அவர் வைத்த பேர், "ஒண்ணுமில்லாதது, ஒண்ணே ஒண்ணு, ஊர்ப்பட்டது." பட்டியலில் பேரே இல்லாவிட்டால் வெறும் வரி வர வேண்டும், கமா வரக் கூடாது. ஒரே பேர் என்றால் அந்தப் பேர் மட்டும். நிறையப் பேர் என்றால் நடுவில் மட்டும் கமா. கூடவே ஒரு சட்டம்: யாராவது பேர் எழுதாமல் கட்டத்தை வெறுமனே விட்டிருந்தால், ஒட்டுவதற்கு முன்பே அந்தக் கட்டத்தை எடுத்துப் போட்டுவிட வேண்டும். "இல்லாத ஆளுக்குக் கமா கிடையாது" என்பார். ஒவ்வொரு சோதனையிலும் திரையில் வந்ததை விரல் வைத்து வாய்விட்டு வாசிக்க வேண்டும். கமா வந்தால் "கமா" என்றும் சொல்ல வேண்டும். கீழே ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள், மேலே ஏதோ டியூஷன் நடக்கிறது என்று நினைத்திருக்கிறார்கள்.

ராமேஸ்வரம் கரையில் ஒரு விசைப்படகுச் சங்கத்துக்கு நாங்கள் ஒரு சின்ன புரோகிராம் செய்து கொடுத்தோம். காற்று மாறிப் படகு வேறு துறையில் ஒதுங்கினால், அந்தத் துறையில் இருக்கும் சங்கத்து ஆள் தன் போனில் படகு நம்பரையும் கரை ஏறியவர்கள் பேரையும் ஏற்றுவார். எங்கள் புரோகிராம் பேர்களை ஒட்டி, படகில் போன எல்லார் வீட்டுக்கும் சங்கச் செயலாளருக்கும் மெசேஜ் அனுப்பும். முதலில் இங்கிலீஷ் எழுத்தில்தான் போனது. செயலாளர் வந்து சண்டை போட்டார்: "எங்க வீட்டுக்காரிக்கு மெசேஜ் வந்தா, அத வாசிக்கப் பக்கத்து வீட்டுப் புள்ள பள்ளிக்கூடம் விட்டு வரணும். தமிழ்ல அனுப்ப என்ன கேடு?" நியாயம்தான். மீன்பிடித் தடைக்காலத்தில், படகெல்லாம் சும்மா நின்ற நேரத்தில், தமிழுக்கு மாற்றினோம். மூன்று சோதனையும் செய்தோம். ராமு, சோமு, பாபு என்று பேர் போட்டு வாய்விட்டு வாசித்தோம். "அடுத்தது" என்றார் அக்கா.

தடை முடிந்து படகுகள் இறங்கின. ஒரு நாள் இரவு சோழகம், அதாவது தெற்கிலிருந்து வரும் காற்று, திடீரென்று வலுத்துவிட்டது. கொஞ்சம் படகுகள் காற்றோடு ஓடி வடக்கே தொண்டிப் பக்கம் ஒதுங்கின. விடிகாலையில் தொண்டி ஆள் பேர்களை ஏற்றியிருக்கிறார். மெசேஜ்கள் போயின. அதன் பிறகு அந்தப் பக்கம் டவரே விழுந்துவிட்டது, யாருக்கும் லைன் கிடைக்கவில்லை.

காலையில் பஞ்சவர்ணம் மாடிப்படி ஏறி வந்தார். ராமேஸ்வரம் போக பஸ் மாற இறங்கியவர், செயலாளருக்குப் போன் போட்டிருக்கிறார். "எனக்கும் அதே மெசேஜ்தான் தாயி வந்திருக்கு. அனுப்புன கம்பெனி அங்கனதான் இருக்கு, கேட்டுப் பாரு" என்று அவர் அனுப்பிவிட்டார்.

"இது அனுப்புனது நீங்கதானா?" என்று போனை நீட்டினார். குரல் கிறீச்சிட்டது. "அஞ்சு பேரு போனாக. நாலு பேரு வந்துட்டாகன்னு போட்டிருக்கு. எங்க வீட்டுக்காரர் பேரு இல்ல. தம்பி, நீ நல்லாப் பாத்துச் சொல்லு, இதுல காளிமுத்துன்னு எங்கயாச்சும் இருக்கா?"

வாங்கிப் பார்த்தேன்.

"படகு 214 கரை சேர்ந்தோர்: அந்தோணிசாமி, நாகூர்கனி, முனியசாமி, ஜேசுராஜ், "

இல்லை.

இரண்டு வருடம் மிளகாய் கருகிப் போனதில், காளிமுத்து கடல் கூலிக்குப் போனவர். இது அவருக்கு மூன்றாவது நடையோ நாலாவது நடையோ. மற்ற நாலு பேர் குடும்பத்தாரும் கரையோர ஊர்க்காரர்கள். துறைக்கு நடந்து போய் யாரையாவது கேட்டுக்கொள்வார்கள். இந்தப் பெண்ணுக்குக் கடல் எந்தத் திசை என்றே தெரியாது. இவருக்கு இருந்தது இந்தப் போன் மட்டும்தான்.

"ராமேஸ்வரம் போயி, தேடப் படகு விடுங்கன்னு கால்ல விழுகப் போறேன்" என்றார். "அதுக்குள்ள உங்களக் கேட்டுட்டுப் போவோம்னு வந்தேன்."

ஏற்றிய பட்டியலை சர்வரில் நேரே பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் ஆட்களின் விவரம் வெளியே போகக் கூடாது என்று அந்தப் பாஸ்வேர்டை முதலாளி தன்னிடம் மட்டும் வைத்திருந்தார். ஏழெட்டுத் தடவை போன் போட்டேன். மணி அடித்து அடித்து நின்றது.

அக்கா இதற்குள் பஞ்சவர்ணத்தின் போனை வாங்கி, வழக்கம்போல விரல் வைத்து முணுமுணுவென்று வாசித்தார். "அந்தோணிசாமி கமா. நாகூர்கனி கமா. முனியசாமி கமா. ஜேசுராஜ் கமா."

நிறுத்தினார். மறுபடியும் கடைசிப் பேரில் விரலை வைத்தார்.

"முருகேசு. ஜேசுராஜ் கமா."

கடைசி ஆளுக்கு அந்தப் பக்கம் கமா கிடையாது. கமா இருக்கிறது என்றால் ஜேசுராஜ் கடைசி ஆள் இல்லை.

"அப்ப அஞ்சாவது பேர் ஒண்ணு இருக்குக்கா!" என்று கத்தினேன்.

"சத்தம் போடாத" என்றார். பஞ்சவர்ணம் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அக்கா அவரிடம் எதுவும் சொல்லவில்லை. ஆசை காட்டிவிட்டு இல்லை என்று ஆகிவிட்டால் என்ன செய்வது? என்னைப் பார்த்து, "செஞ்சு பாரு" என்றார்.

சோதனைப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மெசேஜ் அக்கா போனுக்கு வருகிற மாதிரி வைத்து, முதலில் அந்த நாலு பேரை மட்டும் ஏற்றினேன். வந்தது: ஜேசுராஜோடு நின்றது, கமா இல்லை. அடுத்து, நாலு பேரோடு ஐந்தாவது கட்டத்தை வெறுமனே விட்டு ஏற்றினேன். தொண்டி ஆள் அப்படிச் செய்திருந்தால்? அப்போதும் கமா இல்லை. மூன்றாவதாக ஐந்தாவது கட்டத்தில் காளிமுத்து என்று அடித்தேன். அக்கா போன் சிணுங்கியது. வாசித்தார்.

"ஜேசுராஜ் கமா." அதற்கு மேல் எதுவும் இல்லை. பஞ்சவர்ணத்தின் போனில் இருந்த அதே வரி.

"வெட்டுது" என்றார். "எவனோ நடுவுல வெட்டுறான்."

யார் வெட்டுகிறார்கள் என்பதும் அஞ்சு நிமிடத்தில் விளங்கிவிட்டது. இங்கிலீஷ் எழுத்தென்றால் ஒரு மெசேஜில் நூற்றி அறுபது எழுத்து பிடிக்கும். தமிழ் என்றால் எழுபதுதான். அதிலும் நாம் ஒரு எழுத்து என்று நினைப்பதை மெசின் பெரும்பாலும் இரண்டாக எண்ணும். முனியசாமி நமக்கு அஞ்சு எழுத்து, அதற்கு ஒன்பது. எழுபதுக்கு மேல் போனால் இரண்டு பாகமாக அனுப்ப வேண்டும், ஒவ்வொரு பாகத்துக்கும் காசு. ஆரம்பத்தில் மெசேஜ் அனுப்பும் கணக்கைத் திறந்தபோது, "ஒரு பாகத்துக்கு மேல் போனால் வெட்டிவிடு" என்ற கட்டத்தில் முதலாளி டிக் போட்டு வைத்திருந்தார். இங்கிலீஷ் காலத்தில் அது யாரையும் தொடவில்லை. படகில் இருக்கும் உண்மையான பேர்கள் ராமு, சோமு மாதிரி குட்டையாக இருக்காது என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எண்ணிப் பார்த்தேன். ஜேசுராஜுக்குப் பிறகு வரும் கமாவும் அதற்கடுத்த இடைவெளியும் சேர்ந்து சரியாக எழுபது.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. சங்கத்தில் பேர் எழுத ஒரு முறை உண்டு. டிரைவர் பேர் முதலில், பிறகு பழைய ஆட்கள், புதிதாக வந்தவர் பேர் கடைசியில். புதிதாக வருகிறவர்களில் பாதிப் பேர் மழை பொய்த்து உள்நாட்டிலிருந்து வருகிறவர்கள். எங்கள் ஊர்க்காரர்கள் மாதிரி. வெட்டு எப்போது விழுந்தாலும், கரையிலிருந்து தூரமாக இருக்கும் வீட்டின் மேல்தான் விழும்.

அக்கா பஞ்சவர்ணத்துக்கு எதிரே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இங்க பாரு தங்கச்சி. தெரிஞ்சத மட்டும் சொல்றேன். இதுல அஞ்சாவதா ஒரு பேர் இருந்திருக்கு. போற வழியில வெட்டுப்பட்டுப் போச்சு. அது காளிமுத்துங்கிற பேர்தானான்னு இந்தப் போன் சொல்லல. படகுல போனது அஞ்சு பேர்தான?"

"அஞ்சு பேருதான். கெளம்புறப்ப அவுகளே போன்ல சொன்னாக."

"இந்தா, இந்தப் புள்ளிதான் சாட்சி." கமாவைக் காட்டினார்.

பஞ்சவர்ணம் போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். "இதா? ஈ எச்சம் மாதிரி இருக்கு. இத நம்பி நான் உக்காந்திருக்கணுமாக்கா?"

"உக்கார வேணாம். நீ ராமேஸ்வரம் போனா தேடச் சொல்லி அழுகத்தான் முடியும். ஆளு இருக்கது தொண்டில. அங்க போவோம், நானும் வாரேன்." எழுந்தார். "முருகேசு, ஆபீஸப் பூட்டு."

நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து வேலை நாளில் அந்த ஆபீஸைப் பூட்டிப் பார்த்ததில்லை. பூட்டினேன். மூன்று பேரும் தொண்டி பஸ்ஸில் ஏறினோம். பஞ்சவர்ணம் வழியெல்லாம் போனை மடியில் வைத்துக்கொண்டு, வெளிச்சம் அணையும்போதெல்லாம் தொட்டுத் தொட்டு எரிய வைத்தார். நாலு பேரையும் ஒரு கமாவையும் வைத்துக்கொண்டு ஒரு பெண்ணை எதிர்த் திசையில் கூட்டிக்கொண்டு போகிறோமே, தொண்டி ஆள் ஐந்தாவது கட்டத்தில் வேறு எதையாவது அடித்திருந்தால்? அக்காவிடம் மெதுவாகக் கேட்டேன்.

"நானும் அதத்தான் நினைச்சுக்கிட்டு வாரேன்" என்றார். "பேசாம வா."

தேவிபட்டினத்தில் பஸ் நின்றது. நவபாஷாணக் கோயிலுக்கு வந்த கூட்டம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அப்போது பஞ்சவர்ணத்தின் போன் அடித்தது. தெரியாத நம்பர். அவர் எடுக்கவே இல்லை, அப்படியே என்னிடம் நீட்டினார். ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஏ பஞ்சவர்ணம்! நான்தான். எம்போனு கடல்ல போச்சு, டிரைவரு போன்ல பேசுறேன். இப்பத்தான் டவரு வந்துச்சு."

பஞ்சவர்ணம் போனை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார்.

"யாரு அங்கன? லைன்ல இருக்கியா? ஒரு கைலி, ஒரு சட்ட கொண்டாரச் சொல்லி யாருகிட்டயாச்சும் குடுத்துவிடு. ஈரத்தோட நிக்கிறேன், மேலெல்லாம் டீசல் நாத்தம்."

"கைலி வேணுமாக்கும் கைலி!" என்று அவர் போட்ட சத்தத்தில் கண்டக்டரே திரும்பிப் பார்த்தார். "இம்புட்டு நேரம் உசுரு போயி உசுரு வந்திருக்கு, இந்த மனுசனுக்குக் கைலி கேக்குது!" சொல்லிவிட்டுத்தான் அழுதார். பக்கத்து சீட்டில் தீர்த்தமாட வந்திருந்த ஒரு அம்மா, என்ன ஏது என்று கேட்காமலே தன் பையிலிருந்து ஒரு துண்டை எடுத்து நீட்டினார்.

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "அடுத்தது" என்றார். அவ்வளவுதான். அடுத்தது என்ன என்பது எனக்குத் தெரியும்.

தொண்டி வரை போய், கடையில் கைலி வாங்கிக் கொடுத்து, சாயங்காலம் திரும்பினோம். மறுநாள் நாலாவது சோதனை ஒன்று சேர்ந்தது: சங்கத்தில் இருக்கும் மிக நீளமான பேர்களை, அப்படியே, ஒரு உண்மையான போனுக்கு அனுப்பி, அந்தப் போனில் வாசித்துப் பார்ப்பது. ஷாகுல், நீ கேட்டதற்குப் பதில் இதுதான். ஒட்டுகிற வரியை மெசின் எழுதட்டும், நன்றாகவே எழுதுகிறது, நானும் இப்போது அப்படித்தான் எழுதுகிறேன். மிச்சம் வரும் நேரத்தில் வந்து சேர்ந்ததை வாய்விட்டு வாசி. அதற்கு இப்போது நமக்கு முன்னைவிட நிறைய நேரம் இருக்கிறது. இதைத்தான் பரமக்குடியில் பிள்ளைகளுக்கும் முதல் வகுப்பில் சொல்லப் போகிறேன்.

முதலாளி மதுரையிலிருந்து வந்ததும், யாரைக் கேட்டு ஆபீஸைப் பூட்டினீர்கள் என்றுதான் ஆரம்பித்தார். நடந்ததைச் சொன்னதும் தணிந்துவிட்டார். நல்ல மனுசர்தான். ஆனால் டிக்கை எடுக்கச் சொன்னபோது முகம் சுருங்கியது.

"பாகம் பாகமாப் போனா பில்லு எங்க போயி நிக்கும் ஜெசிந்தா? சங்கத்துக்காரங்க கூடுதலா ஒத்தக் காசு தர மாட்டாங்க."

அக்கா கால்குலேட்டரை எடுக்கவில்லை. நின்றபடியே சொன்னார்: "படகு 214. அஞ்சு பேரும் ஒட்டி வந்தா ரெண்டு பாகம். செயலாளர விடுங்க, அஞ்சு வீடு. வீட்டுக்கு ஒரு பாகம் கூடுதல். பாகம் இருபது பைசா."

முதலாளி மனதுக்குள் பெருக்கிப் பார்த்தார். பிறகு மௌஸைப் பிடித்து, தானே அந்த டிக்கை எடுத்தார்.

ஒரு ரூபாய்.